வாளி மண்ணோடு போன சரக்கு

மூளையைத் தவிர மற்றதையெல்லாம் கூட்டாகப் போட்டு மூன்று பேர் திருச்செங்கோட்டில் ஒரு கடை வைத்தார்கள். எலக்ட்ரானிக்ஸ் சாமான் கடை. ரேடியோ, டிவி விற்கிற கடை இல்லை. அதுகளின் வயிற்றுக்குள்ளே பச்சைப் பலகையில் கடுகும் எள்ளுமாக ஒட்டிக்கொண்டிருக்குமே, அந்தச் சாமான். ஐம்பது பலகை, நூறு பலகை என்று கொஞ்சமாகச் செய்கிற பட்டறைகளுக்குப் பெரிய கம்பெனிக்காரர்கள் சரக்குத் தர மாட்டார்கள். அந்த மாதிரி ஆட்களுக்கு இவர்கள் வாங்கித் தருவார்கள். தருவார்கள் என்று கடை போர்டில் எழுதியாவது இருந்தது.

இதில் நம்ம ஆள் ராக்கியப்பன். மற்ற இருவர் அவன் பெரியப்பா மகன் பொங்கியண்ணன், கூடப் படித்த குழந்தைவேல். ராக்கியப்பனுக்கு இந்த உலகத்தில் ஒரே பயம்தான். நாமக்கல் பக்கம் இருக்கிற மாமனாரின் கோழிப்பண்ணை. கல்யாணமான புதிதில் அங்கே முட்டை பொறுக்கி, கொத்து வாங்கி, தப்பித்து வந்தவன் அவன். "இந்தத் தடவையும் வியாபாரம் ஓடலைன்னா பேசாம பண்ணைக்கே வந்துருங்க மாப்ள" என்று மாமனார் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து கோழி கூவினாலே அவன் காதைப் பொத்திக்கொள்வான்.

அப்போதுதான் ஈரோட்டிலிருந்து தமயந்தி மேடம் போன் செய்தார். போர்வெல் மோட்டாரை செல்போனிலேயே ஓடவிடுகிற போர்டு செய்கிறவர். அதற்கு வேண்டிய, ஊரெல்லாம் தேடியும் கிடைக்காத ஒரு ரக ஐசி சில்லு இவர்களிடம் எப்படியோ இருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் சரக்குப் பழுதில்லாமல் வந்தால் வருஷம் பூராவும் இவர்களிடமே வாங்குவதாகச் சொன்னார். கூடவே இரண்டு விஷயம் சொன்னார். ஐசியோடு சேர்த்துக் கேட்ட கடுகளவு ரெசிஸ்டர்கள் டேப்பில் சுருட்டி வரும், அவற்றை எண்ணிப் பார்த்து அனுப்ப வேண்டும். நம் உடம்பில் இருக்கிற லேசான கரண்ட் பட்டாலே ஐசி செத்துவிடும், அதனால் கையில் பட்டை கட்டி, அதன் ஒயரை மண்ணில் இறக்கிவிட்டுத்தான் ஐசியைத் தொட வேண்டும்.

எண்ணுவது என்ன பெரிய வித்தையா? டேப்பின் மேல்தோலை உரித்து, குழிக்கு ஒன்றாக உட்கார்ந்திருந்த ரெசிஸ்டரையெல்லாம் பட்டாணி மாதிரி தட்டில் கொட்டி எண்ணினார்கள். கணக்குச் சரியாகவே இருந்தது. அதற்கப்புறம்தான் பொங்கியண்ணனுக்கு ஒரு கவலை வந்தது.

"அதது அதது குழிக்குத்தான் போகணும். மாத்தி வெச்சா மேடம் கண்டுபிடிச்சிருவாங்க."

ராக்கியப்பன் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தான். "இது முதல் குழியில இருந்ததுங்ணா."

"எப்படிச் சொல்ற?"

"முதல்ல இருந்தது கொஞ்சம் தைரியமாத் தெரிஞ்சுது."

குழந்தைவேல் ஒத்துக்கொள்ளவில்லை. முதல் குழிக்காரன் சோகமான ஆள் என்று அடித்துச் சொன்னான். பேச்சு முற்றி மத்தியானச் சோறே மறந்துபோனது. கடைசியில், நாம் வெறித்துப் பார்ப்பதால்தான் அதுகள் கூச்சப்படுகின்றன, ஷட்டரைச் சாத்திவிட்டுப் போனால் தானாகப் போய் உட்காரும் என்று முடிவாகி, மூவரும் டீ குடிக்கப் போனார்கள். திரும்பி வந்து பார்த்தால் ஒன்றும் அசையவில்லை. சரியான திமிர் பிடித்த சரக்கு என்று திட்டிக்கொண்டே கைக்கு வந்தபடி குழியில் போட்டு செலோடேப் ஒட்டினார்கள்.

ஐசி விஷயம்தான் சிக்கல். கடைக்குப் பின்னால் கம்பி நட்டு, ஒயரைக் கட்டி, ராக்கியப்பன் ஐசி டப்பாவைக் கையில் எடுத்துவிட்டான். எடுத்த பிறகுதான் ஈரோடு வரைக்கும் ஒயர் எட்டாது என்று தெரிந்தது.

"நாம மண்ணுகிட்டயே இருக்கணும்னா, மண்ணு நம்மகிட்ட இருந்தா ஆகாதா?" என்றான் ராக்கியப்பன். அவனா இப்படிப் பேசியது என்று மற்ற இருவரும் அசந்துபோனார்கள்.

ஒரு வாளி நிறைய மண் அள்ளி, கம்பியை அதில் நட்டார்கள். பஸ்ஸில் இடித்துக்கொண்டு நிற்கும்போது மற்ற இருவர் உடம்புக் கரண்டும் ராக்கியப்பன்மேல் பாயுமே என்று அவர்கள் கையிலும் ஒயர் கட்டினார்கள். மூன்று பேரும் ஒரே வாளியில் கட்டுண்டு பஸ் ஏறினால் யார்தான் பார்க்க மாட்டார்கள்? இது என்ன என்று கண்டக்டர் கேட்டதற்கு, எங்களுடைய எர்த் என்று பொங்கியண்ணன் பெருமையாகச் சொன்னார். முன் சீட்டு அம்மா ஏதோ வேண்டுதல் என்று நினைத்து வாளியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

தமயந்தி மேடம் வாளியைப் பார்த்தார், மூவரையும் பார்த்தார், உள்ளே போய் ஐசியைச் சோதித்தார். ஒன்றுகூடப் பழுதில்லை. ரெசிஸ்டர் கணக்கும் சரியாகவே இருந்தது. வருஷத்துக்கும் ஆர்டர் உங்களுக்குத்தான் என்றார். ராக்கியப்பன் வாய்விட்டே அழுதுவிட்டான். இனிமேல் பண்ணைப் பக்கம் தலைவைத்தும் படுக்க வேண்டியதில்லை!

பட்டையைக் கழற்றிவிட்டுத் தெருவுக்கு வந்ததும் குழந்தைவேல் சட்டென்று நின்றான்.

"ஆமா, மூணு பேரு உடம்புல இருந்த கரண்டும் இப்ப எங்க இருக்குது?"

மூவரும் வாளியைப் பார்த்தார்கள். பொங்கியண்ணன் இரண்டடி தள்ளி நின்றுகொண்டார். ரோட்டோரம் கொட்டினால் மாடு மிதிக்கும். காவிரியில் கொட்டினால் ஊரே அந்தத் தண்ணியைத்தான் குடிக்கிறது. ஆள் நடமாட்டமே இல்லாத இடமாகப் பார்க்க வேண்டும். அப்படி ஒரே ஒரு இடம்தான் ராக்கியப்பனுக்குத் தெரியும். அவனே வாளியைத் தூக்கிக்கொண்டு நாமக்கல் பஸ் ஏறினான்.

பண்ணைக்குப் பின்னால் காலியிடத்தில் மண்ணைக் கொட்டி மூச்சு விடுவதற்குள், மேயப்போன நாலு கோழிகள் வந்து அதைக் கிளறிவிட்டுக் கொட்டகைக்குள் ஓடிவிட்டன. ராக்கியப்பனுக்கு உயிரே போய்விட்டது. மண்ணிலிருந்து கோழிக்கு ஏறிய கரண்ட், கோழியிலிருந்து முட்டைக்கு ஏறாமலா இருக்கும்?

இப்போது கடையை மற்ற இருவரும் பார்த்துக்கொள்கிறார்கள். மேடத்துக்குச் சரக்கும் தவறாமல் போகிறது. ராக்கியப்பன் விடிந்ததும் டெஸ்டரை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குள் போகிறான். ஒவ்வொரு முட்டையாக எடுத்து, டெஸ்டரை வைத்து, லைட் எரியவில்லை என்று உறுதி செய்துகொண்டு பூப்போல அட்டைத் தட்டில் வைக்கிறான். இவ்வளவு பொறுப்பான மருமகன் யாருக்குக் கிடைப்பான் என்று மாமனார் ஊரெல்லாம் சொல்கிறார்.

மறுபடியும் முட்டை பொறுக்க வந்துவிட்டாயா என்று யாரோ கேட்டுவிட்டார்கள். வந்ததே கோபம் அவனுக்கு.

"முட்டை பொறுக்கறவன் வேறைங்க. நான் கரண்ட் பாக்கறேன். பாத்த முட்டையத் திரும்பக் கீழ வெச்சா மறுபடி ஏறிக்கும், அதுக்காகத்தான் தட்டுல வெக்கறேன்."