பருந்து போடாத இறகு

பறவைகள் வாய் திறந்து வழக்குப் பேசிய அந்தக் காலத்தில், ஓர் ஏரிக்கரையில் அவை ராசா இல்லாமல் பட்ட பாடு கொஞ்சமல்ல. புறா சுள்ளி சேர்த்து வைத்தால் காகம் தூக்கிக்கொண்டு போய்விடும். மைனா ஒரு பொந்து பிடித்தால் கிளி வந்து வெளியே தள்ளிவிடும். இது போதாதென்று ஒரு சாரைப்பாம்பு வேறு மரம் மரமாக ஏறி முட்டைகளை விழுங்கிக்கொண்டிருந்தது. எல்லோரும் சேர்ந்தால் அதைத் துரத்தியிருக்கலாம். ஆனால் யாரும் யாரையும் நம்பவில்லை. தான் அந்தப் பக்கம் போனால் பக்கத்துக் கிளைக்காரி இந்தப் பக்கம் கூட்டைக் கலைத்துவிடுவாள் என்ற பயம்.

கரிச்சான் குருவிதான் முதலில் பேச்செடுத்தாள். கறுப்பாக, ஒரு சாண் உடம்பு அவளுக்கு. அப்போது அவள் வால் மற்ற பறவைகளுடையதைப் போல ஒரே வாலாகத்தான் இருந்தது.

"ஆளாளுக்குச் சண்டை போட்டு நாம என்னத்தைக் கண்டோம்? எல்லாருடைய சண்டையையும் ஒருத்தர் கையில கொடுத்துருவோம். அவர் நமக்காகப் போடட்டும். நாம நிம்மதியா குஞ்சு பொரிப்போம்."

"யார் அந்த ஒருத்தர், நீயா?" என்றாள் மைனா. "உன்னைத் தூக்கிப் பார்த்தா ஒரு நெல்லிக்காய் கனம்கூட இருக்க மாட்டே."

"நான் எதுக்கு? பருந்து இருக்காரே."

பருந்தைச் சொன்னதும் எல்லோருக்கும் சரியென்றே பட்டது. பெரிய சிறகு, கூர்மையான கண். பாம்பு அவனைக் கண்டால் புற்றைத் தேடி ஓடும்.

அந்தக் கரையில் வாக்குக் கொடுக்க ஒரு முறை இருந்தது. கொடுக்கிறவர் தன் வாலின் நடு இறகைப் பிடுங்கிச் சபை நடுவில் போட வேண்டும். வலிக்கத்தான் செய்யும். வலித்தால்தான் மறக்காது என்று வைத்திருந்தார்கள். "இனி என் அலகை நான் நீட்ட மாட்டேன், என் சண்டையை ராசா போடுவார்" என்று சொல்லி ஒவ்வொருவரும் பிடுங்கிப் போட்டார்கள். பாதிப் பேர் பட்டும் படாமலும் இழுத்தார்கள். கரிச்சான் மட்டும் மனசார நம்பியவள். வேரோடு பிடுங்கினாள். ரத்தம் சொட்டியது.

பனைமரத்தடியில் இறகுகள் குவிந்தன. பனையின் உச்சியில் பருந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவன் ஒன்றும் போடவில்லை.

"ராசா ஒண்ணும் போடலையே" என்று கவுதாரி மெதுவாகச் சொன்னான்.

"சும்மா இருங்க அண்ணே" என்று கரிச்சான் அவனை அடக்கினாள். "நல்ல காரியம் நடக்கிற நேரத்துல அபசகுனமா பேசாதீங்க."

ராசாவிடம் போய் எப்படிக் கேட்பது என்று மற்றவர்களும் இருந்துவிட்டார்கள். மரியாதையாம்.

முதல் வாரமே பருந்து பாம்பைக் கொன்றான். காகம் திருட்டை விட்டுவிட்டு அவனுக்கு மந்திரியானான். மழைக்காலம் வந்து போயிற்று. எல்லோரும் கூடு கட்டி முட்டையிட்டார்கள்.

ஒரு நாள் காலையில் புறா அழுதுகொண்டே கரிச்சானிடம் வந்தாள். "அக்கா, ராசா கூட்டைப் பார்வையிட வர்றார்னு நினைச்சு எழுந்து வழிவிட்டேன். என் குஞ்சைத் தூக்கிட்டுப் போயிட்டார்."

கரிச்சான் வாலில் இறகு போன இடத்தைக் கோதிக்கொண்டாள். பிறகு, "காவல் காக்கிறவருக்கும் வயிறுன்னு ஒண்ணு இருக்கே. ஏதோ ஒரு நாள் பசியா இருந்திருக்கும். பொறுத்துக்கோ. வாக்குக் கொடுத்திருக்கோமே" என்றாள்.

குஞ்சைப் பறிகொடுத்து நிற்பவளிடம் இன்னொரு தாய் சொல்கிற பேச்சா அது? புறா திரும்பிப் போய் வெறுங்கூட்டில் உட்கார்ந்துகொண்டாள்.

அடுத்து மைனாவின் குஞ்சு போயிற்று. பிறகு கவுதாரியின் குஞ்சுகள் இரண்டு. "ராசா எடுத்தால் அது திருட்டு ஆகாது" என்று காகம் மரம் மரமாகப் போய்ச் சொல்லி வந்தான். மிச்ச எலும்பு அவனுக்குத்தானே கிடைத்தது.

அப்போதுதான் கரிச்சானுக்கு மூன்று குஞ்சுகள் பொரிந்தன. அவள் வெட்டுக்கிளி பிடிக்கப் போயிருந்தபோது முதல் குஞ்சு போயிற்று. இரண்டாவதைப் பருந்து அவள் கண் முன்னாலேயே எடுத்தான். அவள் அலகைத் தூக்கினாள். வாலில் இறகு போன இடம் சுரீரென்று வலித்தது. கொடுத்த வாக்கு ஞாபகம் வந்து அலகைத் தாழ்த்திக்கொண்டாள். பெற்ற குஞ்சு கத்தக் கத்த, அலகைத் தாழ்த்திக்கொண்டாள்.

மறுநாள் விடிந்ததும் பனைமரத்துக்குப் போனாள்.

"ராசா, எனக்கு மிச்சம் ஒண்ணுதான் இருக்கு. அதையாவது விட்டுருங்க."

"பார்க்கலாம்" என்றான் பருந்து.

"பாம்புகூட இத்தனை தின்னதில்லையே, ராசா."

"பாம்பு திருடித் தின்னுச்சு. நான் பட்டப்பகல்ல வந்து எடுக்கிறேன். அந்தப் பாம்பையும் என்னையும் ஒண்ணாப் பேசாதே."

பக்கத்து மட்டையில் இருந்த காகம் சிரித்தான்.

"காப்பாத்துறேன்னு வாக்குக் கொடுத்தீங்களே."

"எப்போ கொடுத்தேன்?" பருந்து கழுத்தைச் சாய்த்து அவளைப் பார்த்தான். "நல்லா யோசிச்சுச் சொல்லு. அலகை நீட்ட மாட்டோம்னு நீங்க உங்களுக்குள்ளே சொல்லிக்கிட்டீங்க. அந்தக் குவியல்ல என் இறகு கிடந்துதா?" வாலை விசிறிபோல் விரித்துக் காட்டினான். ஓர் இறகுகூடக் குறையவில்லை.

கரிச்சானுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கவுதாரி அன்றைக்கே சொன்னானே. அவன் வாயை அடைத்தது யார்? புறாவை வெறுங்கூட்டுக்கு அனுப்பியது யார்?

"அப்போ சரி. வாக்கே கொடுக்காதவருக்கு நான் எதுக்குக் கட்டுப்படணும்?"

"நீ பேசிப் பேசி எனக்குப் பசி வந்துருச்சு" என்று சொல்லிவிட்டு, பருந்து நேராக அவள் மரத்தைப் பார்த்துப் பறந்தான்.

அவளும் பறந்தாள். அவனுக்கு மேலே ஏறி, அவன் நகமும் அலகும் எட்டாத முதுகில் போய் விழுந்தாள். தலையில் கொத்தினாள். கழுத்தில் கொத்தினாள். பருந்து புரண்டான், தாழ்ந்தான், ஏறினான். அவளை உதற முடியவில்லை.

"காகமே, எல்லாரையும் கூப்பிடு. வாக்கை மீறுறவளைப் பிடிக்கச் சொல்லு" என்று கத்தினான்.

காகம் கூப்பிட்டான். பறவைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டன. யாரும் எழும்பவில்லை. புறாதான் கிளையில் திரும்பி உட்கார்ந்து தன் வாலைக் காட்டினாள்.

"நாங்க போட்ட இறகெல்லாம் போன மழைக்கே முளைச்சிருச்சு, ராசா. எங்களைக் கட்டினது ஒண்ணும் மிச்சமில்லை. திரும்பிப் பார்க்கத்தான் எங்களுக்குத் தோணலை."

அந்த நேரம் கரிச்சான் பருந்தின் வாலைப் பிடித்தாள். "நீ போடாத இறகை நான் போடுறேன்" என்று நடு இறகை வேரோடு இழுத்தாள். அது சுழன்று சுழன்று பனைமரத்தடியில் போய் விழுந்தது. பருந்து அலறிக்கொண்டு, கண்ணுக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டான். மந்திரி அதற்கு முன்பே ஓடிவிட்டான்.

மைனா முதல் ஆளாக வந்தாள். "இனிமே நீதான் எங்க ராணி."

"இன்னொரு தடவை ராணின்னு சொன்னா அந்த வாயிலேயே கொத்துவேன். பட்டது போதாதா உனக்கு?"

"அப்போ நாங்க எங்கே போறது அக்கா?" என்றாள் புறா.

கரிச்சானால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "அன்னைக்கு உன்கிட்ட பொறுத்துக்கோன்னு சொன்னேன்."

"மறக்கலை."

"என் மரத்துக்கு வா. கீழ்க்கிளையில கட்டிக்கோ. பருந்து வந்தா நீ சத்தம் கொடு, நான் எழும்புறேன். உங்க முட்டையில என் அலகு பட்டுதுன்னா எல்லாரும் சேர்ந்து என்னை விரட்டிருங்க. இதுக்குச் சம்மதம்னா வா."

"இதுக்கு நீ இறகு போட வேண்டாமா?"

கரிச்சான் திரும்பி, தன் வாலின் நடுவே இருந்த வெற்றிடத்தைக் காட்டினாள். "போட்டதே இன்னும் முளைக்கலையே."

புறா வெகுநேரம் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு சுள்ளியைக் கவ்விக்கொண்டு கீழ்க்கிளையில் போய் இறங்கினாள். மேலே கடைசிக் குஞ்சு பசியில் கத்திக்கொண்டிருந்தது.

கரிச்சானின் வால் இரண்டாகப் பிளந்து நிற்பதும், பருந்தின் வால் நடுவில் வெட்டுப்பட்டதுபோல் இருப்பதும் அந்த நடு இறகுகள் போனதிலிருந்துதான். கரிச்சான் கூடு கட்டும் மரத்தைத் தேடிப் புறாவும் குடிவருகிறாள். எத்தனை உயரத்தில் பருந்து வட்டமிட்டாலும், வாயில் இருக்கும் பூச்சியைக்கூடப் போட்டுவிட்டுக் கரிச்சான் எழும்புகிறாள். அந்தக் கோபம் இன்றைக்கும் ஆறவில்லை.