சேறு பூசிய வரவேற்பு

மொட்டைப் பாறைக்கு இந்தப் பக்கம் குரங்குகளின் நாடு. அந்தப் பக்கம் யானைகளின் நாடு. ஒரு கோடையில், குரங்குப் பள்ளியிலிருந்து நான்கு மாணவர்கள் யானை நாட்டுக்கு விருந்தினராகப் புறப்பட்டார்கள். அவர்களுக்குத் தலைவி சுருளி என்ற இளம் மந்தி.

"அவங்க வழக்கத்தைத் தெரிஞ்சுக்குங்க, நம்ம வழக்கத்தைக் காட்டிட்டு வாங்க" என்று சொல்லித்தான் பெரியவர்கள் அனுப்பினார்கள். உள்ளே இன்னொரு கணக்கும் இருந்தது. குரங்கு நாட்டுச் சுனைகள் வற்றிக்கொண்டிருந்தன. யானைகளின் மனம் குளிர்ந்தால், அவர்கள் ஏரியில் தண்ணீர் குடிக்க அனுமதி கேட்கலாம். அதைக் கேட்கும் பொறுப்பு சுருளியுடையது.

சுருளி வழியெல்லாம் உரோமத்தைக் கோதிக்கொண்டே வந்தாள். காதோரம் ஒரு கொன்றைப் பூ வேறு. பார்க்க லட்சணமாகத்தான் இருந்தாள். அது அவளுக்கும் தெரியும்.

ஏரிக்கரையில் யானைகள் வரிசையாக நின்றன. கூட்டத்தின் தலைவி மாதங்கி முன்னால் வந்தாள். பக்கத்துக் குழியில் துதிக்கையை விட்டாள். அடுத்த நொடி, சுருளியின் தலை முதல் வால் வரை சேறு!

மற்ற மூவருக்கும் அதே மரியாதை கிடைத்தது. யானைகள் சந்தோஷமாகக் காதை ஆட்டின.

சுருளிக்குக் கோபம் தலைக்கேறியது. "விருந்துக்குக் கூப்பிட்டுட்டு இப்படியா அவமானப்படுத்துவாங்க? வாங்க, கழுவிட்டுக் கிளம்பலாம்" என்றாள். நால்வரும் ஏரியில் இறங்கி ஒரு பொட்டு விடாமல் கழுவினார்கள். யானைகளின் காதுகள் அசையாமல் நின்றன.

நால்வரும் விறைப்பாக நடையைக் கட்டினார்கள். வெயில் ஏறியது. நாணலுக்குள்ளிருந்து மாட்டு ஈக்கள் கிளம்பி வந்து சுள்ளென்று கடித்தன. அத்தனை பாடுபட்டுக் கோதிய உரோமத்தால் ஒரு ஈயைக்கூடத் தடுக்க முடியவில்லை. சுருளி சொறிந்துகொண்டே திரும்பிப் பார்த்தாள். சேறு பூசிய யானைகள் நிம்மதியாக நின்றன. ஒரு குட்டி மட்டும் காலை உதறி உதறி அழுதது. அதன் மேல் சேறே இல்லை.

சுருளி தயங்கித் தயங்கித் திரும்பி வந்தாள்; மற்ற மூவரும் பின்னாலேயே வந்தார்கள். "இந்தக் குட்டிக்கு மட்டும் ஏம்மா சேறு பூசலை?"

"இங்க மண்ணு கெட்டி. காலையிலேருந்து மிதிச்சாத்தான் ஒரு குழி சேறு தேறும்" என்றாள் மாதங்கி. "என் பிள்ளை பங்கை உனக்குக் கொடுத்தேன். விருந்தாளி ஆச்சே."

சுருளிக்கு வெட்கத்தில் உடம்பே கூசியது. இனி எந்த முகத்தோடு தண்ணீர் கேட்பது? மன்னிப்புக் கேட்கவும் வாய் வரவில்லை. குரங்கு நாட்டில் ஒருவர் மனதை நோகடித்துவிட்டால், பேசிச் சமாதானம் செய்வதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பேன் பார்ப்பார்கள். அவளுக்குத் தெரிந்தது அதுதான். ஒரே தாவில் குட்டியின் தலைமேல் ஏறி உட்கார்ந்தாள்.

யானைகள் திடுக்கிட்டன. "தலையிலேயே ஏறிட்டாளே! இதைவிட அவமரியாதை உண்டா?" என்று ஒரு கிழட்டு யானை பிளிறியது. மாதங்கியின் துதிக்கை உயர்ந்தது. ஒரு வீச்சு போதும், சுருளி மொட்டைப் பாறையைத் தாண்டிப் போய் விழுவாள்.

ஆனால் மாதங்கி முதலில் குட்டியின் முகத்தைப் பார்த்தாள். அழுகை நின்றிருந்தது. துதிக்கைக்கு எட்டாத காது மடிப்பிலிருந்து சுருளி உண்ணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள். குட்டிக்குக் கண் சொருகியது.

மாதங்கி துதிக்கையை இறக்கினாள். "இதுதான் உங்க ஊர் மரியாதையா?"

"ஆமாம்மா" என்றாள் சுருளி, அடுத்த உண்ணியைத் தேடிக்கொண்டே.

"நல்லாத்தான் இருக்கும் போலிருக்கு. அவனுக்கு முடிஞ்சதும் எனக்கும் பாரு" என்று மாதங்கி தலையைத் தாழ்த்தினாள்.

சாயங்காலம் வரை யானைகள் முறை போட்டு நின்றன. நான்கு குரங்குகளுக்கும் விரல் வலித்தது, ஆனாலும் மனம் லேசாக இருந்தது. சுருளி மெல்லத் தண்ணீர்ப் பேச்சை எடுத்தாள். மாதங்கி கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "உன் ஊரையே கூட்டிட்டு வந்து குடி. முதல்ல அந்த இடது காதைப் பாரு."

பிறர் தரும் மரியாதை நம் வழக்கத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்க்காமல், அதை எந்த மனதோடு தருகிறார்கள் என்று பார்க்க வேண்டும்.