மாசானம் போட்ட இரட்டை முடிச்சு

காக்கையும் நரியும் பேசிய காலம் என்று சொல்வார்கள். அதற்கும் கொஞ்சம் முந்தி, உடம்புக்குள் இருப்பவர்களும் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்போது உடம்பு ஒரு ஊர். ரத்தம் அந்த ஊரின் ஆறு.

ஊருக்குக் காவல் உண்டு. வெள்ளை வேட்டி கட்டிய காவல்காரர்கள் தோலோரமாக உட்கார்ந்திருப்பார்கள். ஆற்றின் இரைச்சலில் சத்தம் போட்டால் யாருக்கும் கேட்காது. அதனால் ஒரு முறை வைத்திருந்தார்கள். அந்நியன் எவனாவது உள்ளே வந்தால், பார்த்தவன் தன் அரைநாணில் ஒரு முழம் உருவி, முடிச்சுப் போட்டு ஆற்றில் விடுவான். ஒவ்வொரு காவல்காரன் நெஞ்சிலும் ஒரு குழி இருந்தது. மிதந்து வரும் முடிச்சு அந்தக் குழியில் போய்ப் பொருந்தினால், ஏன் எதற்கு என்று கேட்காமல், முடிச்சு வந்த இடத்துக்குக் கால் தானாக ஓடும். கையில் தீச்சட்டி இருக்கும். அதற்கு ‘வா’ முடிச்சு என்று பெயர். முடிச்சுப் போட்டவன் முதலில் அதைத் தன் குழியில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஆற்றில் விட வேண்டும். தனக்குப் பொருந்தாததை அடுத்தவனுக்கு அனுப்புவது அங்கே பெரிய குற்றம்.

‘போதும்’ என்று சொல்ல முடிச்சு எதுவும் கிடையாது. அது வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஆனால் எல்லோர் நெஞ்சிலும் இரண்டாவதாக இன்னொரு குழியும் இருந்தது. அது எதற்கு என்று கேட்டால், வெற்றிலை கிடைக்கும்போது சுண்ணாம்பு வைத்துக்கொள்ள என்று சொல்லிச் சிரிப்பார்கள்.

இடது பாதத்துக்குக் காவல் மாசானம். உடம்பு சின்னதாக இருந்தபோது, ஒரு மத்தியானம் அவன் கண்ணயர்ந்த நேரம் பார்த்து ஒரு சீழ்க்கூட்டம் நுழைந்து குதிகாலில் பாதியைத் தின்றுவிட்டுப் போனது. அன்றைக்கு வைத்த பெயர் ‘தூங்குமூஞ்சி’. யார் யார் சொன்னார்கள், எந்த இடத்தில் வைத்துச் சொன்னார்கள் என்பது அவனுக்கு மனப்பாடம். ஈரல் பக்கத்துக் காவல்காரன் பிச்சாண்டி மட்டும் எட்டுத் தடவை சொல்லியிருந்தான். சொன்னவன் மறந்துவிட்டான். கேட்டவன் எங்கே மறப்பது? அதற்குப் பிறகு மாசானம் தூங்கவே இல்லை.

அந்த உடம்புக்குச் சொந்தக்காரன் ஒரு பனையேறி. ஒருநாள் காட்டுக்குப் போகிற வழியில் இடது பாதத்தில் உடைமரத்து முள் ஏறியது. முள்ளோடு சேறு வந்தது, சேற்றோடு சீழ்க்கூட்டம் வந்தது. மாசானம் ஒன்றுக்குப் பத்தாக முடிச்சுப் போட்டான். ஊர்க்காவல் மொத்தமும் வந்து இறங்கியது. இடம் கொள்ளாமல் பாதம் வீங்கியது, தீயில் சிவந்தது, தொட்டால் சுட்டது. மூன்றாம் நாள் முள் வெளியே வந்து விழுந்தது. வந்த கள்ளர்களில் ஒருவனும் மிச்சமில்லை.

மாசானம் முடிச்சை நிறுத்தவில்லை. எவனாவது ஒருவன் ஒளிந்திருப்பான் என்றான். வந்த காவல்காரர்களுக்கு எரிக்கக் கள்ளன் இல்லை. ஆனால் கையில் தீ இருந்தது, கால் ஓடிக்கொண்டிருந்தது. இருந்த வீடுகளை எரித்தார்கள். பாதம் போய், கணுக்கால் போய், தீ முழங்காலுக்கு ஏறியது.

முழங்காலில் குடியிருந்தவள் உலகம்மாள். மூட்டுக்கு எண்ணெய் விடுவது அவள் வேலை. கூரை பற்றியதும் எண்ணெய்க் கலயத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பாதத்துக்கு இறங்கி வந்தாள். வருகிற வழியில் எலும்பின் வழியாக ஒரு சத்தம் கேட்டது. வெளியே பனையேறியின் மைத்துனன் அருவாள் தீட்டிக்கொண்டிருந்தான். உச்சிப்பொழுதுக்குள் வீக்கம் இறங்காவிட்டால் முழங்காலுக்கு மேலே வெட்டிவிடுவது என்று அவர்கள் பேசி முடித்ததும் அவள் காதில் விழுந்தது.

“அண்ணாச்சி, கள்ளன் எங்கே?” என்றாள்.

“ஒளிஞ்சிருக்கான்.”

“என் வீட்டையே எரிச்சுப் பார்த்தாச்சு. அங்கேயும் காணோமே.”

“சாம்பலுக்குள்ள இருப்பான். உனக்கு என்ன தெரியும்?”

அவனிடம் பேசிப் பயனில்லை என்று அவள் மற்றவர்களிடம் போனாள். முடிச்சு வருகிறது, கால் ஓடுகிறது, நாங்கள் என்ன செய்ய என்றார்கள். பிச்சாண்டி தீச்சட்டியோடு அவளைத் தாண்டிப் போனான். அப்போதுதான் அவன் நெஞ்சில் இருந்த அந்த இரண்டாவது குழி அவள் கண்ணில் பட்டது. சுண்ணாம்பு வைக்கிற இடம் இவ்வளவு ஆழமாக ஏன் இருக்க வேண்டும் என்று நினைத்தாள். நினைத்தவள் விரலை உள்ளே விட்டாள்.

பிச்சாண்டி கொட்டாவி விட்டான். சட்டியைக் கீழே வைத்தான். விரலை எடுத்ததும் மறுபடியும் சட்டியைத் தூக்கினான்.

மறுபடி விட்டுப் பார்த்தாள், மறுபடி கொட்டாவி. எலும்புச் சில்லை வைத்துப் பார்த்தாள், நழுவியது. நகத்துணுக்கை வைத்துப் பார்த்தாள், குத்தியதே தவிர நிற்கவில்லை. பிறகு மூட்டுக் கொழுப்பை உருட்டி அந்தக் குழியில் அழுத்தி, மெதுவாக உருவி எடுத்தாள். குழியின் அச்சு கையில் வந்தது. இரண்டு விரல் ஒன்றோடொன்று பின்னிக்கொண்ட மாதிரி ஒரு வடிவம்.

நூல் அவளிடம் இல்லை. நூல் காவல்காரனுக்குத்தான் உண்டு. அத்தனை பேரும் ஓட்டத்தில் இருந்தார்கள். ஒரே இடத்தில் நின்று முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தவன் மாசானம் ஒருவன்தான். அச்சைக் கொண்டுபோய் அவன் கையில் வைத்தாள்.

முடிச்சுப் போடுகிறவனுக்குப் புது முடிச்சைக் கண்டால் கை சும்மா இருக்காது. மாசானம் அச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஒரு நூலை உருவிச் சுற்றினான். அது அவிழ்ந்து விழுந்தது. இன்னும் இறுக்கினான், மறுபடியும் விழுந்தது. பிறகு என்ன தோன்றியதோ, அதே அளவில் இரண்டு நூலை உருவி, ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்கிற மாதிரி பின்னினான். அச்சும் முடிச்சும் ஒன்றுபோல இருந்தன.

“வச்சுப் பாருங்க அண்ணாச்சி,” என்றாள்.

அவன் வைக்கவில்லை. அது என்ன செய்யும் என்று கேட்டான். அவள் பிச்சாண்டி சங்கதியை ஒளிக்காமல் சொன்னாள். மாசானம் முடிச்சைக் கீழே போட்டான்.

“இத்தனை பேர் பார்க்க நான் முதல்ல உட்காரணும். பிச்சாண்டி என்ன சொல்லுவான்?”

“தூங்குமூஞ்சின்னு சொல்லுவான்.”

அவன் அவளை முறைத்தான். இல்லை என்பாள் என்று எதிர்பார்த்திருந்தான்.

“சொல்லத்தான் செய்வான். உச்சி தாண்டினா வெளியே உள்ளவங்க காலை வெட்டிருவாவ. அப்புறம் சொல்லுததுக்கு அவனும் இருக்க மாட்டான், கேக்கதுக்கு நீங்களும் இருக்க மாட்டீய. காலோட சேர்த்துப் புதைச்சிருவாவ.” அவள் முடிச்சை எடுத்துத் தூசி தட்டினாள். “அவன் மேல உள்ள கோபத்தை விடச் சொல்லல. அதை நல்லா வச்சுக்கிடுங்க. சட்டியைத்தான் கீழ வைக்கச் சொல்லுதேன்.”

வெளியே அருவாள் தீட்டுகிற சத்தம் நின்றது. தீட்டி முடித்துவிட்டான்.

மாசானம் முடிச்சை வாங்கித் தன் நெஞ்சில் வைத்தான். பொருந்திக்கொண்டது. எத்தனையோ வருஷமாக விறைத்திருந்த தோள் இறங்கியது. கண் சொக்குவதற்குள் அதே மாதிரி முடிச்சுகளை மளமளவென்று பின்னி ஆற்றில் விட்டான். பிறகு எல்லோரும் பார்க்கத் தன் சட்டியையும் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தான்.

பிச்சாண்டிதான் முதலில் பார்த்தான். “ஏல, பாருங்கல, தூங்கு—” என்று ஆரம்பித்தான். முடிச்சு வந்து அவன் குழியில் விழுந்தது. திறந்த வாயோடு உட்கார்ந்தான். அவனுக்குப் பின்னால் இருந்தவன், அவனுக்குப் பின்னால் இருந்தவன் என்று வரிசையாகச் சட்டிகள் இறங்கின. உலகம்மாள் சாம்பலைக் கூட்டித் தள்ளிவிட்டு, கலயத்தில் மிஞ்சிய எண்ணெயை மூட்டில் விட்டாள்.

உச்சிக்கு மைத்துனன் வந்து பச்சிலைக் கட்டை அவிழ்த்தான். வீங்கியிருந்த தோல் சுருங்கிக் கிடந்தது. பனையேறி காலை மடக்கி நீட்டினான். மைத்துனன் அருவாளை எடுத்துக்கொண்டு பனையில் பாளை சீவப் போனான்.

இதை ஒரு புற்றுக்கட்டி ஓரமாக இருந்து பார்த்துக்கொண்டிருந்தது. அதுவும் அந்த இரட்டை முடிச்சைக் கற்றுக்கொண்டது. காவலை உட்காரவைத்துவிட்டு அது தன்பாட்டுக்கு வளரும். வேறு சில உடம்புகளில் அந்த முடிச்சு காவல்காரன் கைக்கு வரவே இல்லை. அங்கே மூட்டு எரிந்துகொண்டே இருக்கும். இப்போது டாக்டர்மார் கண்ணாடிக் குழாயில் உற்று உற்றுப் பார்ப்பதும் இதைத்தான். இல்லாதவனுக்கு அதைச் செய்து கொடுக்க வேண்டும், புற்றுக்கட்டி உள்ளவனுக்கு அதை மறிக்க வேண்டும். செய்து கொடுத்தால், குழியில் சேருவதற்குள் அது ஆற்றோடு போய்விடுகிறதாம். அவர்களும் அச்செடுத்துப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

முள் குத்திய இடம் முதலில் வீங்கி, பிறகு தானாக வற்றுவது அந்த உச்சிப்பொழுதில் ஆரம்பித்ததுதான். ‘வா’ என்று கூப்பிட்டவனே ‘போதும்’ என்றும் சொல்ல வேண்டியிருப்பதால் அதற்கு நாலு நாள் ஆகிறது. ஆறுகிற புண் அரிப்பதும் அன்றிலிருந்துதான். சட்டியைக் கீழே வைத்துவிட்ட மாசானம், பிச்சாண்டி சொன்ன எட்டையும் ஒவ்வொன்றாகத் தோலில் கீறி எண்ணிக்கொண்டிருக்கிறான்.