உப்பு நீர் உண்மை சொன்ன வீரசின்னம்மையார்

சென்னைப் பட்டணத்தில், மருத்துவ ஆராய்ச்சி நிலையம் ஒன்றின் மூன்றாம் மாடியில், குடுவை கழுவும் தொட்டியே திருக்குளமாக, சோப்பு நுரையே திருநீறாக வாழ்ந்தவர் வீரசின்னம்மையார். வயது இருபத்திரண்டு. அந்த வயதுக்கு 'அம்மையார்' பட்டம் கொஞ்சம் அதிகம்தான். கதை முடிகிறபோது நீங்களே மனமுவந்து கொடுத்துவிடுவீர்கள் என்பதால் முதலிலேயே கொடுத்து வைப்போம்.

வேடசந்தூர்ப் பக்கம் நூற்பாலைக் கூலிகளான பெற்றோருக்கு மகளாகப் பிறந்து, தமிழ் வழியிலேயே விலங்கியல் படித்துத் தேறியவர் அவர். அக்குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் கால் அவருடையது. இப்படிப்பட்ட பட்டதாரிகளைத் தேடி எடுத்து, ஓராண்டு ஆய்வகத்தில் பழக்கி, முனைவர் படிப்புக்குத் தயார் செய்யும் திட்டம் ஒன்று அந்நிலையத்தில் நடந்து வந்தது. ஆண்டு முடிவில் நேர்முகத் தேர்வு. அதில் தேற வேண்டுமானால் ஆய்வகத் தலைவரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். கடிதம் இல்லையேல் நூற்பாலைதான். அங்கே ஓர் இடம் காலியாக இருப்பதை அம்மையாரின் தாயார் ஞாயிறு தவறாமல் தொலைபேசியில் நினைவூட்டி வந்தார்.

அம்மையாருக்குத் தெய்வம் பிள்ளையார். நோட்டில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் முதலில் பிள்ளையார் சுழி; 'உ' என்று போட்டு இரண்டு கோடு இழுக்காமல் ஓர் எழுத்து எழுத மாட்டார். விதி பாருங்கள், அவருக்கு வாய்த்ததோ எலி ஆய்வகம்! பெருமானின் வாகனத்தையே கூண்டில் போட்டு ஊசி குத்துகிற இடம். ஒவ்வொரு எலியிடமும், "மன்னிச்சுக்கப்பா, மேல சொல்லிடாத" என்று முணுமுணுத்துவிட்டுத்தான் கூண்டைத் திறப்பார்.

இதைக் கேட்டுச் சிரிப்பதற்கென்றே அங்கே நிவேதன் என்றொரு மூத்த ஆய்வு மாணவர் இருந்தார். "ஏன் வீரசின்னு, நம்ம பேப்பர்ல பிள்ளையார் பேரையும் சேர்த்துடலாமா?" என்பார். அம்மையார், "அவருக்கு எதுக்குங்க சார் பேரு, ஏற்கெனவே ஆயிரம் இருக்கு" என்று குடுவையைக் கழுவிக்கொண்டே பதில் சொல்வார். ஆய்வகத் தலைவர் டாக்டர் மைத்ரேயி கோஷ், கல்கத்தாக்காரர். சென்னைக்கு வந்து பதினோரு வருடமாகியும் 'போதும்', 'சீக்கிரம்' என்ற இரண்டு தமிழ்ச் சொற்களை வைத்தே காலம் தள்ளியவர். அவருக்குச் சிரிக்க நேரமில்லை.

நிவேதன் ஈரல் வீக்கத்துக்கான ஒரு மருந்தை, ஈரல் வீங்கிய எலிகளிடம் சோதித்துக்கொண்டிருந்தார். சில எலிகளுக்கு வெறும் உப்பு நீர். அவை ஒன்றாம் அணி. சிலவற்றுக்கு மருந்து, அவை இரண்டாம் அணி. பிறகு ஈரலை மெல்லிசாகச் சீவி, கண்ணாடி ஸ்லைடில் ஒட்டி, சாயம் ஏற்றி, வீங்கிய செல்கள் எத்தனை என்று நுண்ணோக்கியில் எண்ண வேண்டும். நாற்பது ஸ்லைடுகளைத் தயாரிக்கும் வேலை அம்மையாரிடம் வந்தது. அவர் ஒவ்வொரு ஸ்லைடின் ஓரத்திலும் பென்சிலால் குட்டியாக ஓர் 'உ' போட்டார். கோடு இழுக்க இடமில்லை, பெருமான் பொறுத்துக்கொள்வார். அதன் கீழே அணி எண்ணையும் பென்சிலால் எழுதப் போனபோது நிவேதன் தடுத்தார்.

"மார்க்கர்ல எழுது. கண்ணுக்கே தெரியாது இது."

"சாயம் ஏத்தறப்ப ஆல்கஹால்ல போட்டா அழிஞ்சிடாதுங்களா சார்?"

"எல்லாம் அழியாது. எழுதுன்னா எழுது."

அழிந்தது. நாற்பதும் துடைத்துவிட்டாற்போல் போயிற்று. மிஞ்சியது பென்சிலால் போட்ட சுழி மட்டுமே. ஆனால் அம்மையார் கலங்கவில்லை. சாயம் இரண்டுக்கும் ஒரே அளவு ஊறட்டும் என்று உப்பு நீர், மருந்து, உப்பு நீர், மருந்து என ஜோடி ஜோடியாகவே அடுக்கியிருந்தார். அந்த வரிசை 1, 2, 1, 2 என்று நோட்டில் பத்திரமாக இருந்தது. அதே வரிசையில் இரண்டு பெட்டிகளில் இருபது இருபதாக வைத்து, மூடியின் மேல் கொட்டை எழுத்தில் ஒரு சீட்டும் ஒட்டினார்: 'எண் அழிந்துவிட்டது. என்னைக் கேட்டுவிட்டுத் திறக்கவும்.'

நிவேதன் மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்தவர்தான், தமிழை வெளுத்து வாங்குவார். ஆனால் பள்ளியில் அவர் எடுத்த இரண்டாம் மொழி பிரெஞ்சு. தமிழ் பேசுகிறவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்றொரு கொடுமை உலகத்தில் உண்டென்பதை வேடசந்தூரில் யாருமே அம்மையாருக்குச் சொல்லித் தரவில்லை!

சீட்டை ஏதோ பூஜைச் சமாசாரம் என்று கிழித்தெறிந்துவிட்டு முதல் பெட்டியைத் திறந்தார் நிவேதன். எல்லா ஸ்லைடிலும் குட்டியாக ஒரு 'உ'. அவர் கண்ணுக்கு அது 2. 'சொல்லியும் பென்சில்தான். ஆக, இது மருந்துப் பெட்டி' என்று உட்கார்ந்து எண்ணினார். இருபதிலும் வீக்கம் குறைந்திருந்தது! பெட்டி வரிசைப்படியே குறித்த தாளை எடுத்துக்கொண்டு ஓடிப்போய் டாக்டரிடம் சொன்னார். டாக்டர் அன்றே கட்டுரை எழுதத் தொடங்கினார். ஆய்வகம் முழுக்க மைசூர்பாக்கு வந்தது. மறுநாள் இரண்டாம் பெட்டியைத் திறந்தால் அதிலும் எல்லாம் 2.

"வீரசின்னு! ஒண்ணாம் அணி எங்க?"

அம்மையார் நோட்டோடு வந்தார். வரிசையைப் பார்த்தார், நிவேதனின் தாளைப் பார்த்தார். முதல் பெட்டியில் பத்து ஸ்லைடு வெறும் உப்பு நீர். அந்தப் பத்திலும் 'மருந்து அபாரமாக வேலை செய்கிறது' என்று எழுதியிருந்தது. நுண்ணோக்கியில் தெரிந்ததை நிவேதன் எண்ணவில்லை, ஆசைப்பட்டதை எண்ணியிருக்கிறார். நிவேதனுக்கும் அது புரிந்துவிட்டது.

"இங்க பாரு," என்றார் தாழ்ந்த குரலில். "லேபிள் அழிஞ்சிருச்சு, எது எதுன்னு தெரியலன்னு சொல்லிடு. புதுசா பண்ணிக்கலாம். உன் லெட்டருக்கு மேடம்கிட்ட நான் பேசறேன்."

கடிதம்! அம்மையாருக்கு ஆசையில்லை என்று சொன்னால் அது பொய். இருந்தாலும் அவர் சொன்னார்: "சுழி போட்ட பக்கத்துல பொய் எழுத வராதுங்க சார். கை ஓடாது."

"எழுத வேணாம். அந்தப் பக்கத்தைக் கிழிச்சிடு."

"கிழிச்சா அவரோட தும்பிக்கையும் சேர்ந்து கிழியுமேங்க!"

அப்படியே டாக்டரின் அறைக்குப் போனார். ஆறு மாதம் பயின்ற ஆங்கிலம் அத்தனையும் அந்த வாசலிலேயே அவரைக் கைவிட்டது. நோட்டையும் தாளையும் மேசைமேல் வைத்து, கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்: "மேடம், சால்ட் வாட்டர் ஆல்சோ வெரி குட் மெடிசன்."

டாக்டர் கோஷ் தாளைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார், பாதி எழுதியிருந்த கட்டுரையைப் பார்த்தார். பிறகு, "போதும்" என்றார். அவ்வளவுதான்.

அதன்பின் பத்து நாள் டாக்டர் அம்மையாரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நோட்டைப் பூட்டி வைத்து, ஸ்லைடுகளைக் கலைத்துப் புது எண் போட்டு, யாருக்கும் எது எதுவென்று தெரியாமல் நாற்பதையும் மறுபடி எண்ணச் சொன்னார். மருந்துக்கும் உப்பு நீருக்கும் வித்தியாசமே இல்லை. கட்டுரை குப்பைக்குப் போனது. நிவேதனின் ஒரு வருட உழைப்பும் கூடவே போனது. அம்மையார் குடுவை கழுவும்போது பெருமானோடு சண்டை பிடித்தார். "உம் பேரை எழுதினதுக்கு எனக்குக் கெடைச்சது இதுதானா? வயித்தைத் தடவிக்கிட்டு உக்காந்திருக்கியே, வாயைத் திறந்தா என்ன?" என்று அழுதார். அழுதுகொண்டே அன்றைய பக்கத்திலும் சுழி போட்டார்.

நேர்முகத் தேர்வு நாள் வந்தது. கடிதம் வந்ததா என்று தெரியாமலேயே அம்மையார் உள்ளே போனார். மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்த பெரியவர், ஆங்கிலத்தில் அவர் திணறுவதைக் கண்டு, "தமிழ்லயே சொல்லும்மா" என்றார். அம்மையார் நடந்ததைச் சொன்னார், தாம் அழுததையும் சேர்த்தே.

"மறைச்சிடுன்னு யாரும் சொல்லலையா?"

"சொன்னாங்க சார். இப்ப அவங்களே, அணி எண்ணை மூடி வெச்சாத்தான் எண்ணுவேன்னு நிக்கறாங்க. அவங்க பேரு எதுக்குங்க."

பெரியவர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். முன்பெல்லாம் இறைவன் காளைமேல் ஏறி வந்து அடியாருக்குக் காட்சி கொடுப்பார். இந்தக் காலத்தில் போக்குவரத்து நெரிசல், கடிதமாக வந்துவிடுகிறார். "உங்க டாக்டர் எழுதினது ஒரே வரிதான்" என்று பெரியவர் தமிழில் வாசித்தார்:

"இந்தப் பெண் எழுதி வைத்ததை நான் இரண்டாம் முறை சரிபார்க்க மாட்டேன்."

அம்மையாருக்கு இடம் கிடைத்தது. ஆசைப்பட்டதை விட்டுக் கண்டதை எழுதிய அந்தக் கைக்கு நம் வணக்கம்.