டோப்பா துரத்திய மகாராசா

ஊறுகாய் விற்கிற ராணி எந்த நாட்டிலாவது உண்டா? குண்டலபுரியில் இருந்தாள். அவள் போடும் எலுமிச்சை ஊறுகாய்க்கென்று ஒரு வலைத்தளமே இருந்தது. வியாபாரம் ஜோராக ஓடியது, மந்திரி பரசுராமர் அதில் குக்கீ வைக்கிற வரைக்கும்.

குக்கீ என்றால் தின்பண்டமல்ல, ஒற்றன். தளத்தின் வாசலில் நீளமாக ஓர் அறிவிப்பு. யாரும் படிக்காமல் 'சரி' என்று தட்டிவிட்டு உள்ளே போவார்கள். அப்புறம் அந்த ஒற்றன் விடமாட்டான். பஞ்சாங்கம் பார்த்தாலும் ஊறுகாய் விளம்பரம், மரண அறிவிப்பு படித்தாலும் ஊறுகாய் விளம்பரம். சனம் வெறுத்துப்போய் அந்தப் பக்கம் வருவதையே விட்டது. ராணி அடுப்பை அணைத்துவிட்டு மூலையில் உட்கார்ந்தாள்.

"அதைப் பிடுங்கி எறியுங்க மகாராசா," என்றான் சடையாண்டி. சந்தையில் கத்தரிக்காய்க்குப் பேரம் பேசி, அடி வாங்கி, அடி கொடுத்து அரசவைக்கு வந்தவன். பொறுமை கம்மி.

"எவன் எங்கே போறான்னு தெரிஞ்சாத்தானே விக்க முடியும்?" என்றார் மந்திரி. "யோக்கியனுக்கு என்னய்யா பயம்?"

ராசா தலையாட்டினார். "வாடிக்கையும் திரும்பணும், குக்கீயும் இருக்கணும். முடியலைன்னா நீ சந்தைக்கே போயிடு."

சடையாண்டிக்குச் சுருக்கென்றது. பல்லைக் கடித்துக்கொண்டான். மறுநாள் காலை ராசா நகர்வலம் கிளம்பும் அவசரத்தில் குறுக்கே நின்று, நீள ஓலை ஒன்றை மூச்சுவிடாமல் வாசித்தான். "இதுக்கெல்லாம் சம்மதமா மகாராசா?"

"சரி, சரி. வழியை விடு."

கடைவீதியில் பொய்முடி விற்கும் ஒரு டோப்பாக் கடை. ராசா ஒரு கணம் நின்றார். நடந்தார். அவ்வளவுதான்.

மதியம் இலையில் சோற்றுக்குப் பக்கத்தில் ஒரு டோப்பா. கோயிலில் விபூதித் தட்டில் ஒரு டோப்பா. சாயங்காலம், பக்கத்து நாட்டுத் தூதர் முன்னால், கடைக்காரனே வந்து நின்றான். "காலையில பார்த்தீங்களே, வாங்காம போயிட்டீங்க. சுருட்டையிலயும் இருக்குங்க."

தூதர் கிரீடத்தை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அதற்குக் கீழே ஒன்றுமே இல்லை என்பது ராணிக்கு மட்டும் தெரிந்த சங்கதி.

"எவன் இவனை உள்ளே விட்டது?" என்றார் ராசா, காது சிவக்க.

"நீங்கதான்," என்றான் சடையாண்டி. "போற இடமெல்லாம் பின்னால ஆள் வரும், எதைப் பார்த்தாலும் கடைக்காரன்கிட்டச் சொல்லும், அவன் எங்க வேணா வந்து நிப்பான்னு ஓலையில இருந்துச்சு. சரி சரின்னீங்க."

"அதை எவன்யா முழுசாக் கேப்பான்?"

"ஒருத்தனும் கேக்க மாட்டான். அதை நம்பித்தானே மந்திரி குக்கீ வெச்சாரு."

குக்கீ அன்றைக்கே போனது. வாசலில் புதிதாக எழுதினார்கள்: 'இங்கே யாரும் உங்கள் பின்னால் வரமாட்டார்கள்.' மெல்ல மெல்ல சனம் திரும்பியது. ராணிக்கு எலுமிச்சை நறுக்க ஆள் போதவில்லை. மந்திரியை அனுப்பினார்கள்.

ராசா சடையாண்டியைத் தனியே அழைத்து முத்துமாலை போட்டார். "அந்த டோப்பாவெல்லாம் திருப்பி அனுப்பியாச்சா?"

"ஆச்சு மகாராசா."

"எல்லாமேவா?" குரல் இறங்கியிருந்தது.

"சுருட்டை ஒண்ணு மட்டும் உங்க தலையணைக்கு அடியில இருக்கு. யார் வெச்சதுன்னு எனக்கே தெரியாது."

ராசா குலுங்கிச் சிரித்ததில் கிரீடம் கழன்று உருண்டது. சடையாண்டி அதற்குள் சுவர்ப் பக்கம் திரும்பி, பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.