வாலில் ஒரு வெள்ளை நுனி

குன்னூரில் ஸ்டெல்லா டீச்சரிடம் கேனரிக் குருவி வளர்க்கப் பழகியவர்களில் அருளப்பன்தான் மூத்தவர். டீச்சரை விடவே பத்து வயது பெரியவர். டீச்சருக்கு அவர் அண்ணன். அவருக்கு இவர் டீச்சரம்மா.

பறவைக் கண்காட்சிப் போட்டியன்று காலையில் துணி போர்த்திய கூண்டோடு வந்து நின்றார். முகம் செத்துப்போயிருந்தது.

"இதை நீங்களே வெச்சுக்கங்க டீச்சரம்மா. எனக்குக் கொடுப்பினை இல்லை."

உள்ளே இருந்தது பல்லி கேனரி. முதுகில் பல்லிச் செதில் மாதிரி வரிசையாகப் புள்ளி விழுகிற ஜாதி. தலையில் மட்டும் மஞ்சளாக ஒரு தொப்பி. அருளப்பனின் குருவிக்கு முதுகு அத்தனை அழகு. தொப்பியில்தான் இரண்டு மூன்று கறுப்பு இறகுகள். பேசாமல் விட்டிருக்கலாம். மனுஷனுக்குக் கை சும்மா இருக்கவில்லை. இரண்டு மாதம் முன்பு யாருக்கும் சொல்லாமல் பிடுங்கிவிட்டார். குருவி துள்ளியதில் வால் இறகு ஒன்றும் கையோடு வந்துவிட்டது.

டீச்சர் துணியை விலக்கினார். தொப்பியில் பிடுங்கிய இடத்தில் பழைய கறுப்பே முளைத்திருந்தது. முழுக்கக் கறுப்பாக இருக்க வேண்டிய வாலில் மட்டும் வெள்ளை நுனியோடு புதிதாக முளைத்த ஓர் இறகு.

"இப்படிக் கறுப்பு கலந்த உடைஞ்ச தொப்பிக்குன்னு போட்டியில தனிப் பிரிவே இருக்கே அண்ணே. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"வெக்கமா இருந்துச்சு."

"இப்ப?"

"இப்பவும்தான். இந்த வாலைப் பார்த்தாலே நடுவர் ஒதுக்கிடுவார்."

"ஒதுக்கிடுவார்," என்றார் டீச்சர். ஆறுதலுக்காகப் பொய் சொல்கிற பழக்கம் அவரிடம் கிடையாது.

உள்ளே போய், விரலில் ஒரு கிழக் குருவியோடு வந்தார்.

"இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க."

அருளப்பன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். வந்த கவலையை மறந்து அந்த நிமிஷமே நடுவராகிவிட்டார்.

"புள்ளியெல்லாம் கலைஞ்சு கிடக்கு. றெக்கை நுனி வெள்ளை, வாலும் வெள்ளை. இதை எவன் மேடை ஏத்துவான்?"

"ஏத்தினாங்க. அதோ, அது இவன் வாங்கின கோப்பைதான்."

ஜன்னலோரம் இருந்த கோப்பையில் தினை கொட்டி வைத்திருந்தது.

"அந்த வால், றெக்கைக் கறுப்பெல்லாம் முதல் வருஷத்தோட சரி அண்ணே. அடுத்த தடவை இறகு உதிர்ந்து முளைச்சா எல்லாப் பல்லிக்கும் வெள்ளை நுனிதான். அப்புறம் போட்டியில சீந்த ஆள் இருக்காது."

"அப்ப இத்தனை வருஷமா எதுக்கு வெச்சிருக்கீங்க?"

கிழக் குருவி டீச்சரின் தோளுக்குத் தாவி, தொண்டையைப் புடைத்துக்கொண்டு காதோரம் பாட ஆரம்பித்தது. கூண்டுக்குள் இருந்த இளசு தலையைச் சாய்த்துக் கேட்டது. பிறகு அதுவும் சின்னதாக ஒரு குரல் கொடுத்துப் பார்த்தது.

அருளப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. கூண்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"எல்லாக் குருவியும் இன்னைக்கு மேடையில இருக்கும். என்னோடது மட்டும்..."

"அதுங்க எல்லாம் அடுத்த வருஷம் வீட்டுக்கு வர்றதுதான். உங்களோடது ஒரு வருஷம் முன்னாலேயே வந்துடுச்சு அண்ணே."