கருநொச்சிப் பிளவில் தொங்கிய கயிறு

சத்தியம், சத்தியம், சத்தியம்! இதில் ஒரு சொல் பொய்யென்றால் இன்றைக்குச் சாப்பிடுகிற சோறு என் தொண்டையிலேயே நிற்கட்டும்.

கருநொச்சி மலைமேல் ஒரு மடம். மடத்துக்குப் பின்னால் பாறையில் ஒரு பிளவு. எவ்வளவு ஆழம் என்கிறீர்கள்? மேலே நின்று தும்மினால், அந்தச் சத்தம் அடியில் மோதித் திரும்பி வருவதற்குள் தும்மினவருக்குச் சளி குணமாகிவிடும். அந்தப் பிளவுக்குள்தான் ஊற்று. வேறு தண்ணீர் கிடையாது.

ஒருவர் கயிற்றில் இறங்குவார். ஒருவர் மேலே பிடித்துக்கொள்வார். மடத்தில் ஒரு வழக்கம் உண்டு: யாரோடு கடைசியாக வாதாடினீரோ, அவர் கையில்தான் உமது கயிறு.

மடத்தில் சீடர்கள் இரண்டு பேர். நல்லபெருமாள், ஈஸ்வரமூர்த்தி. இருவரும் கல்லூரியில் பாறைகளைப் பற்றிப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர்கள். அவர்களுக்குக் குருவான மடத்துச் சாமிக்கு அவர்களைவிட வயது குறைவு. வேலையை விட்டு வந்தார்களே தவிர, சண்டையை விட்டு வரவில்லை.

“பாய்க்கு அடியில பாய் செருகின மாதிரி, ஒரு நிலம் இன்னொரு நிலத்துக்கு அடியில போயிருக்கு. அதுதான் இந்த மலைக்கு அடித்தளம்” என்பார் நல்லபெருமாள். “இன்னும் நகருது வே.”

“உம்ம தலை நகருது. நெருப்புக் குழம்பு ஏறி வந்து, வெளியே வர வழியில்லாம, பானை அடியில கூழ் பிடிச்ச மாதிரி அடியிலயே உறைஞ்சது. அது உறைஞ்சு எத்தனையோ கோடி வருஷம் ஆச்சு” என்பார் ஈஸ்வரமூர்த்தி.

ஒருநாள் மலை உறுமத் தொடங்கியது. தூங்குகிற நாய் கனவில் உறுமுவதுபோல. மடத்துச் சுவரில் விரிசல் விழுந்தது. காக்காய்கூட வந்து உட்காரவில்லை.

நல்லபெருமாள் சாமியிடம் ஓடினார்.

“சாமி, கீழே நகருதா, உறைஞ்சு கிடக்கா? ஒரு வார்த்தை சொல்லுங்க. நாம ஓடணுமா, இருக்கணுமா?”

“குடத்தில் தண்ணீர் இல்லை” என்றார் சாமி. “கொண்டுவாரும்.”

கயிறு ஈஸ்வரமூர்த்தி கைக்குப் போயிற்று. அன்று காலையில்தான் இருவரும் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

நல்லபெருமாள் இறங்கினார். வெளிச்சம் மேலே ஒரு வெள்ளரிக் கீற்றாகச் சுருங்கியது. டார்ச்சை அடித்தார். பட்டை பட்டையாகக் கறுப்புப் பாறை, நடுநடுவே ரத்தச் சிவப்பாகப் பொட்டுகள். இருவருமே தத்தம் கட்சிக்குச் சாட்சி என்று சொல்லிவந்த அதே பொட்டுகள். பாறையைத் தொட்டார். வெதுவெதுப்பாக இருந்தது.

மேலிருந்து குரல் வந்தது. “என்ன வே தெரியுது? நகருதா?”

அவர் வாய் திறப்பதற்குள் கயிறு சட்டென்று ஒரு முழம் இறங்கியது. மலை குலுங்கியது. குடம் கைநழுவி, பாறையில் இடித்து, அதன் கழுத்தில் கட்டியிருந்த கயிற்றில் தொங்கியது.

“உறைஞ்சதுதான் வே!” என்று அலறினார், மலை குலுங்கக் குலுங்க. “நீர் சொன்னதுதான் சரி!”

கயிறு மெதுவாக மேலே ஏறியது.

வெளியே வந்து விழுந்ததும் கேட்டார்: “விட்டீரா வே?”

“மலை குலுங்கிச்சு. கயிறு வழுக்கிச்சு.”

“குலுங்கறதுக்கு முன்னாலயே இறங்கிச்சு.”

“பின்னாலதான்.”

“தொங்கினவன் நான் வே! முன்னால!”

சாமி ஈஸ்வரமூர்த்தியைப் பார்த்தார். “சொல்லும்.”

ஈஸ்வரமூர்த்தி தன் உள்ளங்கைகளை விரித்தார். தோல் உரிந்திருந்தது.

“வழுக்கிச்சுன்னுதான் நினைச்சேன், சாமி. இப்போ… எனக்கே தெரியலை.”

நல்லபெருமாள் சாமி பக்கம் திரும்பினார். “என்ன சாமி இது? இப்ப நடந்ததுக்கே சாட்சி இல்லைன்னா… அப்போ மலை?”

சாமி குடத்தைக் கவிழ்த்தார். ஒரு சொட்டுகூட விழவில்லை.

“தண்ணீர் வரவில்லையே” என்றார். “இப்போது அவர் இறங்கட்டும். நீர் பிடியும்.”

இதை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள். சொன்னது நான் என்று மட்டும் மூச்சு விடாதீர்கள். இருவரும் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். கயிறும் இருக்கிறது.